வியாழனா, வெள்ளியா

செப்டம்பர் 28, ஞாயிறு

தொழுவத்தை இடித்தாயிற்று. மாடு கட்டுவதை நிறுத்தி இருபது வருடம் ஆகிறது. பெருச்சாளியும் தேளும் குடியிருந்த இடம். கொத்தனார் இசக்கிமுத்து இன்னொருவரைக் கூட்டிவந்து மதியத்துக்குள் முடித்துவிட்டார். ஓடுகளை எடுத்துப் போய்விட்டார்கள். ஆணி அடித்த மரச்சட்டங்களை நாளை எடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

வடிவு மதினி புறவாசல் படியில் நின்று கடைசி வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்கப்பா கட்டுன தொழு. உனக்கு என்ன செஞ்சுது?"

"ஒண்ணும் செய்யல மதினி. அதான் இடிக்கேன்."

அவள் என் கணவரின் அக்கா. தன் கணவர் இறந்தபின் மூன்று வருடமாக எங்களோடு இருக்கிறாள். என் கணவர் சங்கரபாண்டியனுக்கு மதுரையில் வேலை. ஞாயிற்றுக்கிழமை வந்து திங்கள் விடியலில் போய்விடுவார். இந்த வாரம் அதுவும் இல்லை. ஆக, சேரன்மகாதேவியில் இந்த வீட்டில் வாரம் முழுக்க நாங்கள் இருவர் மட்டும். இதை அவர் "ஒருத்திக்கு ஒருத்தி துணை" என்று சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொள்கிறார்.

தீபாவளி கழிந்ததும் புறவாசல் முழுக்க சிமெண்டுத் தளம்.

அக்டோபர் 2, வியாழன்

விடுமுறை. துணி ஊறவைத்தேன், விடைத்தாள் திருத்தினேன். சட்டங்கள் அப்படியே கிடக்கின்றன.

மதினி காலையிலிருந்து தொழுவம் இருந்த இடத்தைக் கொத்துகிறாள். அங்கே சாணியும் மூத்திரமும் மக்கி மக்கிக் கறுத்த மண். அதை அள்ளித் தன் கத்தரிச் செடிகளுக்குப் போடுகிறாள். வெறுங்கால். சட்டங்களுக்கு நடுவே போய் வருகிறாள். செருப்பைப் போட்டுக்கொள்ளச் சொன்னேன்.

"மண்ணுல செருப்புப் போட்டு நின்னா செடி வெளங்குமா? இதான் காலேஜ்ல சொல்லித் தாரியா?"

"காலேஜ்ல புள்ளியியல் சொல்லித் தாரேன். செருப்புப் போட்டவங்க எத்தன பேரு, போடாதவங்க எத்தன பேருன்னு எண்ணிப் பாத்தா எது நல்லதுன்னு தெரியும்."

"எண்ணு, எண்ணு. பிள்ளையா குட்டியா, உனக்கு வேற என்ன வேலை."

உள்ளே வந்துவிட்டேன்.

அக்டோபர் 4, சனி

மதினி இடது காலைத் தரையில் பதிக்காமல் நடக்கிறாள். என்ன என்று கேட்டேன். "சுளுக்கு" என்றாள். நான் நடுக்கூடத்தைக் கடக்கும்போது நொண்டல் அதிகமாகிறது. அஞ்சறைப்பெட்டியில் மஞ்சள் பாதியாகக் குறைந்திருக்கிறது. கேட்டால் அதற்கும் ஒரு பதில் வரும். கேட்கவில்லை.

அக்டோபர் 7, செவ்வாய்

மழை. இசக்கிமுத்து போனை எடுப்பதில்லை.

அக்டோபர் 9, வியாழன்

ஜல்லிக்கும் மணலுக்கும் சொல்லிவிட்டேன். போனில் பேசியதை மதினி கேட்டுக்கொண்டிருந்தாள். இரவுச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது தொடங்கினாள்.

"என்னையப் பாடையில அனுப்பிட்டு அந்தத் தரையப் போடு."

"ரெண்டையும் ஒரே நாள்ல வைக்க முடியுமான்னு பாக்கேன்" என்றேன்.

தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டாள். இரண்டு தோசையும் ஆறிக் காய்ந்தன. சாப்பிடாமல் கிடப்பது இந்தக் குடும்பத்துக்குப் பரம்பரை ஆயுதம். என் மாமனார் ஒருமுறை மூன்று நாள் பட்டினி கிடந்து சம்பந்தி வீட்டாரையே வரவழைத்தவர். அவர் மகன் சத்தமில்லாமல் செய்வார். மகள் சத்தத்தோடு.

அக்டோபர் 10, வெள்ளி

காலையில் காப்பி வைத்தேன். பாதி டம்ளரில், பாதி அவள் சேலையில். வேண்டுமென்றே வழியவிட்டது போல. நான் அடுக்களையிலிருந்து வெளியே வந்தபோது என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு. புருவம் இரண்டும் மேலே ஏறி, உதடு இரண்டு பக்கமும் இழுபட்டு, இறுகிய பல் தெரிய ஓர் இளிப்பு. மூன்று வருடத்தில் என்னென்னவோ முகம் காட்டியிருக்கிறாள். இது புதிது.

வாய் திறந்து ஒரு சொல் இல்லை. நானும் பேசவில்லை. ஏழரை மணி ரயிலுக்குப் போய்விட்டேன். மாலையிலும் அதே சிரிப்பு.

அக்டோபர் 11, சனி

இன்று மகாராணி நடை. கழுத்தைத் திருப்புவதில்லை. பார்க்க வேண்டுமென்றால் உடம்போடு திரும்புகிறாள். முதுகு பலகை மாதிரி நிமிர்ந்திருக்கிறது. பதினோரு மணிக்கு அடுக்களை வாசலில் வந்து நின்று பல்லுக்கு நடுவிலிருந்து ஏதோ சொன்னாள். 

"பல்லைக் கடிச்சுக்கிட்டுப் பேசினா எனக்குப் புரியாது மதினி" என்றேன். 

சிறிது நேரம் நின்றாள். போய்விட்டாள்.

சாயங்காலம் கஞ்சி வைத்தேன். குடிக்கவில்லை. நாளை தம்பி வருகிறான் அல்லவா, அவன் வரும்போது வாடிய முகம் வேண்டும். வயிறு ஒன்றும் பிடிவாதம் அறியாது. பசித்தால் குடிப்பாள்.

அக்டோபர் 12, ஞாயிறு

இவர் காலை எட்டு மணிக்கு வந்தார். மதினி கட்டிலில் மல்லாந்து கிடந்தாள்.

"என்னக்கா, சிரிச்ச முகமா இருக்க? ரெண்டு பேரும் ராசியாயிட்டியளா?"

அவள் தொண்டைக்குள் ஒரு சத்தம் எழுப்பினாள். இவர் என்னைப் பார்த்தார். சாப்பிடவில்லை, வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாள் என்றேன். கடைவாய்ப் பல் வீங்கியிருக்கும் என்று இவரே முடிவு செய்து, தெருமுனையில் இருக்கும் பல் டாக்டரிடம் இருவரும் கைத்தாங்கலாக நடத்திக் கூட்டிப்போனோம். கழுத்து வளையவில்லை. படியில் கால் மடங்கவில்லை. அங்கே போய்ச் சேர்வதற்குள்ளேயே எனக்கு ஏதோ சரியில்லை என்று தோன்றிவிட்டது.

பல் டாக்டர் சின்னப் பெண். மரக்குச்சி ஒன்றைக் கடைவாயோரம் கிடைத்த இடைவெளியில் நுழைத்துத் தொண்டையைத் தொட்டாள். யாருக்கும் குமட்டும். மதினிக்குக் குமட்டவில்லை. தாடை குச்சியை நறுக்கென்று கடித்துப் பிடித்துக்கொண்டது. அந்தப் பெண்ணின் முகம் மாறிவிட்டது.

"இவங்களுக்கு ஏதாவது புண்ணு? ஆணி, முள்ளு?"

"ஒன்றும் கிடையாது" என்றேன். 

மதினி கண்ணால் என்னைப் பார்த்துவிட்டு, இடது காலை நாற்காலியிலிருந்து கொஞ்சம் உயர்த்தினாள். உள்ளங்காலில் மஞ்சள் கறை. நடுவே மிளகளவு கறுப்புப் புள்ளி. மேலே தோல் மூடி ஆறிப்போயிருந்தது.

"எப்ப குத்துச்சுக்கா? ஏன் சொல்லல?" இவர் குரலை உயர்த்தினார். அந்தச் சத்தத்துக்கு அவள் உடம்பு முழுவதும் வில்லாக வளைந்தது. தலையும் குதிகாலும் மட்டும் நாற்காலியில், மற்றதெல்லாம் அந்தரத்தில். முகத்தில் அதே சிரிப்பு.

திருநெல்வேலி பெரிய ஆஸ்பத்திரி. ஆம்புலன்ஸ் ஒவ்வொரு முறை ஹாரன் அடித்தபோதும் அவள் வளைந்தாள். அவசரப் பிரிவில் டாக்டர் ஜெபராணி பார்த்தார். ரணஜன்னி என்றார். டெட்டனஸ். அந்தக் கறுப்புப் புள்ளியைக் கீறித் திறந்தார்கள். உள்ளே கட்டியிருந்த சீழோடு துருவும் ஒரு மரச்சிலாம்பும் வந்தன.

"வாய் இறுக ஆரம்பிச்சது எப்ப? சரியாச் சொல்லணும்."

இவர் என்னைப் பார்த்தார். 

"நேற்று சாயங்காலம்" என்றேன். 

கஞ்சியைக் குடிக்காதது நேற்று சாயங்காலம்தான். டாக்டர் எழுதிக்கொண்டார். மதினியின் கண் திறந்திருந்தது.

அக்டோபர் 13, திங்கள்

அவளை வார்டின் கடைசியில் ஒரு தனி அறையில் வைத்திருக்கிறார்கள். சன்னலில் கறுப்புத் துணி. வெளிச்சம் பட்டால், கதவு தட்டினால், தொட்டால் இழுப்பு வரும். நர்சுகள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகிறார்கள். கூட ஒருவர் இருக்கலாம், ஒருவர்தான் என்றார் டாக்டர்.

"உங்க ரெண்டு பேர்ல யாரால பேசாம இருக்க முடியும்?"

இவர் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். அழுகை நின்றால் ஆஸ்துமா இருமல். நான் இருக்கிறேன் என்றேன்.

டாக்டர் விளக்கியதை எழுதி வைக்கிறேன். கிருமி மண்ணிலும் சாணத்திலும் விதை போல வருடக்கணக்கில் உறங்கும். வெயிலோ மழையோ அதை ஒன்றும் செய்யாது. காற்றுப் பட்டால் வளராது. ஆழமாகக் குத்தி மேலே மூடிக்கொண்ட புண் கிடைத்தால் அங்கே விழித்துக்கொள்ளும். புண்ணைவிட்டு அது எங்கும் போவதில்லை. அதன் நஞ்சு மட்டும் நரம்பு வழியே ஏறும். தசைக்கு இறுகு என்று ஓர் ஆணை, விடு என்று ஓர் ஆணை வருகிறதாம். நஞ்சு இரண்டாவதை மட்டும் வெட்டிவிடுகிறது. இறுகியது இறுகியபடி நிற்கும். நரம்பில் ஏறியதை எந்த மருந்தாலும் திரும்ப எடுக்க முடியாது. இன்னும் ஏறாததை ஊசி போட்டுத் தடுக்கலாம். மற்றபடி தசையைத் தளர்த்த மருந்து, மூச்சு, காத்திருப்பு.

"நினைவு தப்புமா?" என்று கேட்டேன்.

"தப்பாது. எல்லாம் கேக்கும், எல்லாம் புரியும். அதான் இந்த நோயில கொடுமை."

பிறகு இவரைத் தனியாக அழைத்துச் சொன்னார். நானும் பக்கத்தில் நின்றேன். வாய் இறுகியதற்கும் முதல் இழுப்புக்கும் இடையே எவ்வளவு நேரம் என்பதுதான் கணக்காம். இடைவெளி குறையக் குறைய நோய் கடுமை. "ஒரு நாள்கூட ஆகலையே. சாயங்காலம் வாய் இறுகி, காலையிலேயே இழுப்பு. மனசைத் தேத்திக்கோங்க சார்."

இவர் வராந்தாத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அக்டோபர் 14, செவ்வாய்

இருட்டில் அவள் கண் மட்டும் தெரிகிறது. என்னைத்தான் பார்க்கிறது.

நான் இருப்பதாலேயே இழுப்பு வருகிறதோ என்று ஒரு சந்தேகம். சந்தேகத்தை அப்படியே வைத்திருப்பது எனக்குப் பழக்கமில்லை. உள்ளே இருக்கும்போது வரும் இழுப்புகளை எண்ணினேன். நர்சிடம் சொல்லி அதே அளவு நேரம் வெளியே இருந்தேன். அவரை எண்ணச் சொன்னேன். மூன்று முறை மாற்றி மாற்றிப் பார்த்தாயிற்று. வித்தியாசம் இல்லை. மருந்துத் தட்டு இடித்தால் வருகிறது. கதவு வந்து மோதினால் வருகிறது. ஒன்றுமில்லாமலும் வருகிறது. என்னால் வரவில்லை.

மூன்று முறை என்பது மிகச் சிறிய மாதிரி. முடிவு சொல்ல முடியாது. ஆனாலும் எழுதி வைக்கிறேன்.

அக்டோபர் 15, புதன்

தொண்டைத் தசை இறுகி மூச்சு நின்றுவிட்டது. காலையில் கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைத்தார்கள். இப்போது இயந்திரம் மூச்சு விடுகிறது. இனிப் பேச முடியாது, குழாய் எடுக்கும்வரை.

மத்தியானம் வெளியே வந்தபோது இவர் போனில் சித்தப்பா மகனிடம் பேசிக்கொண்டிருந்தார். "ஊர்லயே வச்சுக்கிடுவோம். ஆத்தங்கரையில. நீ ஆளுகிட்ட மட்டும் சொல்லி வை." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். "ஒரு ராத்திரியில இப்பிடி ஆகும்னு யாரு கண்டா மங்க. வியாழக்கிழமைகூட போன்ல எங்கிட்ட உன்னையத் திட்டுனா. நல்லாத்தான் திட்டுனா."

நான் டாக்டர் ஜெபராணியின் அறைக்குப் போனேன்.

ஒரு தவறான எண் அட்டவணையில் இருந்தால் அதன் மேல் கட்டியதெல்லாம் தவறு. முதலாமாண்டு மாணவிகளுக்கே சொல்வேன். அதற்காகத்தான் போனேன்.

"வாய் இறுகியது சனிக்கிழமை சாயங்காலம் இல்லை. வெள்ளிக்கிழமை காலையிலேயே இருந்திருக்கலாம். காப்பி வழிந்தது. முகம் அப்போதே இழுத்திருந்தது."

அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"வெள்ளின்னா ரெண்டு நாளுக்கு மேல வருது. சனியைவிட நல்லது. இதை அன்னைக்கே சொல்லிருக்கலாம்லா?"

"வியாழக்கிழமை இரவும் சாப்பிடவில்லை."

"வியாழன்னா இன்னும் நல்லது. எதும்மா? வியாழனா வெள்ளியா?"

"தெரியாது. வியாழக்கிழமை கோபம் என்று நினைத்தேன்."

"வெள்ளிக்கிழமை?"

"அன்றைக்கும்."

"நீங்க கூடத்தான இருந்தீங்க?"

"கூடத்தான் இருந்தேன்."

அவர் குறிப்பில் சனியை அடித்து வெள்ளி என்று எழுதினார். பிறகு, "உங்க வீட்டுக்காரர் சுடுகாட்டுக்கு ஆள் சொல்லிட்டு இருக்காரு. அவர்கிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லவா?"

"நம்பிக்கை கூடியிருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள்."

"என்ன காரணம் சொல்ல?"

நான் எழுந்தேன். அவர் என்னை வெறுப்போடு பார்த்ததாக எனக்குத் தோன்றியது. வெறும் களைப்பாகவும் இருக்கலாம். எதிரில் இருக்கும் முகத்தை வைத்து முடிவெடுப்பதை நிறுத்த வேண்டும்.

மாலையில் இவர் முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. "மருந்து கேக்குதாம்" என்றார்.

அக்டோபர் 20, திங்கள், தீபாவளி

எல்லா வார்டிலும் வெடிச் சத்தம். ஆஸ்பத்திரி மதிலுக்கு அப்பால் தெரு. இவர் விடிந்ததும் போய் வீடு வீடாகக் கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறார். ஒரு தெரு கேட்டது. அடுத்த தெருவுக்கு யார் சொல்வது.

காதில் பஞ்சு வைத்து, மேலே துணி கட்டியும் ஒவ்வொரு சரவெடிக்கும் அவள் துடித்தாள். இயந்திரம் கூவியது. நர்சு மருந்தைக் கூட்டினார். இன்னும் கூட்டினால் இரத்த அழுத்தம் விழுந்துவிடும் என்றார். நான் என் இரண்டு உள்ளங்கையாலும் அவள் காதுகளை மூடினேன். தொட்டால் இழுப்பு வரும் என்று தெரியும். தொடுவதா சத்தமா, எது குறைவான கெடுதல் என்று பார்க்க வேறு வழியில்லை. அழுத்திப் பிடித்தேன். துடிப்பு கொஞ்சம் குறைந்தது.

காலையிலிருந்து இருட்டும்வரை, சாப்பிடப் போன நேரம் தவிர, அப்படியே. மூன்று வருடத்தில் நான் அவளைத் தொட்டதாக நினைவில்லை. அவள் கண் என் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. அதில் நன்றி ஒன்றும் இல்லை. பூனைக்குக் கட்டுப்போடும்போது அது பார்க்குமே, அந்தப் பார்வை.

இரண்டு கையும் தோள்வரை வலிக்கிறது. இரவு இவர் வரும் வழியில் அல்வா வாங்கி வந்து நீட்டினார். தீபாவளியாம்.

அக்டோபர் 29, புதன்

இழுப்பு குறைகிறது. மாதக்கணக்கில் ஆகும் என்றவர்கள் வாரக்கணக்கில் பேசுகிறார்கள். நரம்பு தன் முனையைப் புதிதாக வளர்த்துக்கொள்ள வேண்டுமாம்.

துணி எடுக்க வீட்டுக்குப் போனேன். இசக்கிமுத்து இன்றுதான் வந்து சட்டங்களை ஏற்றினார். "அக்காவுக்கு என்னமோ காத்துக் கருப்பு அடிச்சிட்டாம்லா? தொழுவ இடிச்சா அப்படித்தான்னு ஊர்ல பேசுதாங்க" என்றார். காத்துமில்லை, கருப்புமில்லை, நீங்கள் எடுக்காமல் விட்ட ஆணி என்றேன். "எடுக்கச் சொல்லி நீங்க ஒருதடவைகூட வீட்டுக்கு ஆளனுப்பலயே டீச்சர்" என்றார். 

போன் செய்தேன். வீட்டுக்கு ஆள் அனுப்பவில்லை. அது உண்மை.

நவம்பர் 8, சனி

பகல் முழுக்க இயந்திரம் இல்லாமல் மூச்சு விட்டாள். சன்னல் துணியைப் பாதி விலக்கியிருக்கிறார்கள். இந்த வெளிச்சத்தில் பார்த்தால் பாதி உடம்புதான் மிச்சம். அந்தச் சிரிப்பு போய்விட்டது. பழைய முகம், அதாவது பழைய கடுகடுப்பு, திரும்புகிறது.

வாய் இரண்டு விரலுக்கு மேல் திறக்கவில்லை. பயிற்சிக்கு மரக்குச்சிகள் கொடுத்திருக்கிறார்கள். பல்லிடையே அடுக்கி, நாளுக்கு ஒன்று கூட்ட வேண்டும். நான்தான் வைக்கிறேன். இன்று ஐந்தாவது குச்சியை வைக்கும்போது என் விரலைக் கடித்தாள். தசை தானாக இறுகியதா என்று நர்சைக் கேட்டேன். "இல்ல மேடம், இது அவங்களே கடிச்சது" என்று சிரித்தார்.

நவம்பர் 15, சனி

குழாயை எடுத்து நான்கு நாள் ஆகிறது. கழுத்துத் துளையை மூடிய கட்டின்மேல் விரலை அழுத்திக்கொண்டால் பேச்சு வருகிறது. காற்று ஒழுகும் குரல். இதுவரை நர்சிடம் தண்ணீர், தலையணை என்று மட்டுமே கேட்டிருந்தாள். என்னிடம் ஒரு சொல்லும் இல்லை.

காலையில் டாக்டர் ஜெபராணி மாணவர்களோடு வந்தார். கட்டிலருகே நின்று பாடம் நடத்தினார். "முதல் அறிகுறி வெள்ளிக்கிழமை, முதல் இழுப்பு ஞாயிற்றுக்கிழமை. அந்த இடைவெளி சாதகமா இருந்துச்சு." சொல்லிவிட்டு அடுத்த நோயாளியிடம் போய்விட்டார்.

இவர் சன்னலோரம் நின்றிருந்தார்.

"வெள்ளிக்கிழமையா? சனிக்கிழமை சாயங்காலம்னுல்லா நீ சொன்ன?"

நான் குச்சிகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். தொடர்ந்து கழுவினேன்.

"அக்கா, நீ சொல்லு. எப்பருந்து வாயத் திறக்க முடியல?"

இந்தக் கேள்விக்காகத்தான் அந்தக் கண் இத்தனை நாள் காத்திருக்கிறது என்று நினைத்தேன். மதினி கையை மெதுவாகத் தூக்கிக் கழுத்தில் விரலை வைத்தாள்.

"வியாழக்கிழமை ராத்திரி சாப்புடாதது வீம்பு. வெள்ளிக்கிழமை பல்லு தேய்க்க வாயத் தொறந்தேன். வரல."

"வெள்ளிக்கிழம காலையிலயா! மங்ககிட்ட காட்ட வேண்டியதான? சைகையாவது..."

"காட்டணுமா?" விரலை எடுத்து மூச்சு வாங்கி மறுபடி வைத்தாள். "ஆணி குத்துனதையே இவகிட்ட சொல்லல. செருப்புப் போடச் சொன்னேம்லான்னு நிப்பா. வாய் தொறக்கலன்னு போயி நிக்கவா? சனிக்கிழமை நின்னேன். பல்லக் கடிச்சுக்கிட்டுப் பேசாதன்னா."

இவர் என் பக்கம் திரும்பினார். இருபத்திரண்டு வருடத்தில் அந்த முகத்தை நான் பார்த்ததில்லை.

"மூணு நாளு. மூணு நாளு பாத்துக்கிட்டு இருந்திருக்க. டாக்டர்ட்டயும் பொய். எங்கிட்டயும் பொய். நான் ஆத்தங்கரைக்கு ஆள் சொல்லும்போது பக்கத்துலதான நின்ன? என்ன பொம்பள நீ?"

கோபம் என்று நினைத்தேன் என்றால் அது காரணம்தான், பதில் இல்லை.

"ஏ சங்கரா, கத்தாத." மதினியின் குரல். "நீ ஞாயித்துக்கிழம வந்து என்ன சொன்ன? சிரிச்ச முகமா இருக்கன்ன. ராசியாயிட்டியளான்ன. நீ பெருசா கண்டுபிடிச்சிட்ட."

"அக்கா, நான் உனக்காகத்தான..."

"எனக்காக ஒண்ணும் கேக்க வேண்டாம். எனக்கும் அவளுக்கும் உள்ளது எனக்கும் அவளுக்கும் உள்ளது. நான் கேட்டுக்கிடுதேன். நீ போயி காப்பி வாங்கிட்டு வா. சீனி கம்மியா."

அவர் போய்விட்டார். நான் குச்சிகளைத் துடைத்தேன். அவள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். சொல்லலாம் என்று திரும்பியபோது அவளே விரலை வைத்தாள்.

"வாயப் பொளந்துக்கிட்டு தூங்குத நீ. ஒரு மாசமா பாக்கேன். சகிக்கல."

"நாளைக்குப் பதிமூணு குச்சி" என்றேன்.

நவம்பர் 20, வியாழன்

வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கிளம்பும் முன் நர்சு மதினிக்குத் தடுப்பூசி போட வந்தார்.

"வந்து போன சீக்குக்கு எதுக்குட்டி ஊசி? ஒருதடவை அம்மை வந்தா பெறகு வராதுல்லா?"

டாக்டர் ஜெபராணி விளக்கினார். இந்த நஞ்சு துளியிலும் துளி. ஆளைக் கொல்ல அது போதும், உடம்பு அதை அடையாளம் கண்டு எதிர்ப்பைக் கட்டிக்கொள்ள அது போதாது. எத்தனை தடவை வந்தாலும் உடம்பு எதையும் கற்றுக்கொள்ளாது. அதனால் மறுபடி வரலாம். ஊசிதான் ஒரே வழி. பிறகு என்னைப் பார்த்து, "நீங்க கடைசியாப் போட்டது எப்ப?" என்றார். நினைவில்லை. எனக்கும் ஒன்று போட்டார்கள். இவரைக் கூப்பிட்டால் வெளியே காரில் இருக்கிறார் என்றார்கள். 

ஜல்லி வாசலில் கொட்டிக் கிடக்கிறது. மதினி காரிலிருந்து இறங்கி அதைப் பார்த்தாள்.

"பாதி எடத்துல போடு. கத்தரி நிக்குத பக்கம் வந்தேன்னா பாரு."

முழுவதுமாகத்தான் போடுவேன் என்றேன். அவளுக்கு நிற்கத் தெம்பில்லை. உள்ளே போய்ப் படுத்துக்கொண்டு அங்கிருந்து தொடர்ந்தாள்.

நவம்பர் 23, ஞாயிறு

இவர் மதுரையிலிருந்து வந்தார். பையை வைத்தார். அக்காவிடம் போய் உட்கார்ந்தார். அடுக்களைப் பக்கம் வரவில்லை. மதியம் மதினிக்குக் குழைத்த சோறு கொடுத்துவிட்டு இவருக்கு இலை போட்டேன். கூப்பிட்டேன். வரவில்லை. மறுபடி கூப்பிட்டேன். நடுக்கூடத்து நாற்காலியில் சுவரைப் பார்த்துக்கொண்டு, உதட்டை இறுக்கி மூடி உட்கார்ந்திருந்தார். காலையிலும் ஒன்றும் சாப்பிடவில்லை. தண்ணீர்கூட இல்லை.

கொஞ்ச நேரம் நிலைப்படியில் நின்று பார்த்தேன். கழுத்து திரும்புகிறதா, தெரியவில்லை. முகம் தெளிவில்லை.

டார்ச்சை எடுத்துக்கொண்டு போய் அவர் எதிரில் நின்றேன்.

"வாயைத் திறங்க."

முறைத்தார்.

"உள்ளே மதினி கேக்கா, என்னட்டி அங்க சத்தம்னு. திறங்க."

திறந்தார். மூன்று விரல் தாராளமாகப் போகும். நாக்கு, உள்நாக்கு, கடைவாய் வரை வெளிச்சம் அடித்துப் பார்த்தேன். கழுத்தை இரண்டு பக்கமும் திருப்பச் சொன்னேன். திருப்பினார். உள்ளங்கால் இரண்டையும் காட்டச் சொன்னேன். காட்டினார்.

கோபம்தான்.

இலையை மூடி வைத்தேன்.